தட்டிப் பார்த்து எடுத்த படகு

விருத்தாசலம் கடைவீதியில் பீங்கான் சாமான் வாங்கியவனுக்கும் விற்றவனுக்கும் தகராறு வந்தால் போலீசுக்குப் போவதில்லை, சூசைநாதனிடம் போவார்கள். வாஷ்பேசினோ, ஊறுகாய் ஜாடியோ, கக்கூஸ் கோப்பையோ, எதுவானாலும் அவர் இடது காதைச் சாய்த்து, நடுவிரல் முட்டியால் ஒரே ஒரு தட்டு தட்டுவார். ணங்கென்று மணி போலக் கேட்டால் சரக்கு சுத்தம். சொத்தென்று கேட்டால் உள்ளே எங்கோ கண்ணுக்குத் தெரியாத கீறல். மேல்முறையீடு கிடையாது. 'சூசை தட்டியாச்சு' என்று யாராவது சொன்னால் அந்த விஷயம் முடிந்துவிட்டது என்று அர்த்தம். அந்த ஒரு பேச்சுதான் அவருடைய ஆஸ்தி. கடையில் மீதி இருந்ததெல்லாம் வெறும் கக்கூஸ் சாமான்.

இந்தப் பெயர் வந்த பிறகு அவருக்கு உலகத்தில் உள்ள எல்லாவற்றின் மீதும் ஓர் இளக்காரம் வந்துவிட்டது. தர்பூசணியைத் தட்டினார், தண்ணீர்த் தொட்டியைத் தட்டினார், மகளுக்குப் பார்த்த வரனின் வீட்டுக்குப் போய்ச் சுவரைத் தட்டினார். சுவர் சொத்தென்றது, சம்பந்தம் நின்றது.

ஆகவே அவர் மனைவி மெர்சி ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே தனக்கு ஒரு கயாக் வேண்டும் என்று சொன்னபோது, அவள் எதைக் கேட்கிறாள் என்பதற்கு முன்னால், அதை யார் தட்டிப் பார்ப்பது என்பதுதான் அவர் மண்டையில் ஓடியது. கடலூர் முதுநகரில் உப்பங்கழிக் கரையில் அவள் அண்ணன் சகாயத்தின் வீடு. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அங்கே போக வேண்டும், சின்னதாக ஒரு படகில் உட்கார்ந்து கழியில் மெதுவாகத் துடுப்புப் போட வேண்டும், தூண்டிலைத் தண்ணீரில் விட்டுவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். மீன் கிடைத்தாலும் சரி, கிடைக்காவிட்டாலும் சரி. இவ்வளவுதான் அவள் கேட்டது. எத்தனை பேர் உட்காருகிற மாதிரி என்று அவர் விசாரித்தார். ஒருத்தர் போதும் என்றாள். ஏன் ஒருத்தர் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வீட்டில் வேறு ஒரு தகராறு நடந்திருக்கும்.

மணிமுத்தாற்றில் வருஷத்தில் முக்கால்வாசி நாள் கிரிக்கெட் ஆடுகிற ஊரில் படகு வாங்கும் செய்தி ஒளிந்திருக்காது. மறுநாள் டீக்கடையில் எதிர்க்கடை பக்கிரி பிடித்துக்கொண்டான். அவனும் பீங்கான் வியாபாரிதான். ஒரே தெருவில் ஒரே சரக்கு விற்கிறவர்களுக்குள் எவ்வளவு பிரியம் இருக்குமோ அவ்வளவு பிரியம்.

"பீங்கானத் தட்டுறது சரி சூச. தண்ணியில போற சாமானத் தட்டுனா இன்னா தெரியும் ஒனக்கு?"

சாமான் என்றால் சாமான்தான், கேட்கிற காது இருந்தால் எல்லாம் பேசும் என்றார் சூசைநாதன். டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கேட்க ஆள் இருந்தால் அவருக்கு வாய் கொஞ்சம் நீளும்.

"நான் தட்டி எடுக்குற படகு கவுந்துச்சுன்னா, அதுக்கப்புறம் இந்தக் கடைவீதியில ஒரு சாமான் மேல என் வெரல் படாது."

"அப்ப மொதோ நாள் நானும் வரேன்" என்றான் பக்கிரி, டம்ளரை வைத்துவிட்டு.

அந்த வாரமே புருஷனும் பெண்டாட்டியும் புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரியாங்குப்பத்துக்குப் போனார்கள். ஆற்றங்கரையில் தென்னந்தோப்புக்குள் படகுக் கடை. கடைக்காரன் இனியவன் என்று ஒரு பையன். கடைக்காரன் என்றால் கல்லாவில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது சூசைநாதனின் சித்தாந்தம். இவன் அரைக்கால் சட்டையோடு, காலில் செருப்பில்லாமல், ஈரக் கையோடு வந்து வணக்கம் சொன்னான். சொன்னதும் அவரை விட்டுவிட்டு மெர்சியிடம் திரும்பி, எங்கே ஓட்டப் போறீங்க, அங்கே தண்ணி இழுக்குமா, படகை யார் தூக்கி வைப்பாங்க, எத்தனை நேரம் உட்காருவீங்க என்று ஒவ்வொன்றாகக் கேட்டான். வந்தவன் பையில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் வந்தவளின் இடுப்பு வலியை விசாரிக்கிற வியாபாரி உருப்பட்டதாகச் சரித்திரம் இல்லை என்று சூசைநாதன் நினைத்துக்கொண்டார்.

எல்லாம் கேட்ட பிறகு பையன் ஒரு படகைக் காட்டினான். பாசி நிறம். தடித்த பிளாஸ்டிக். அகலமாக, தட்டையாக, மாட்டுக்குக் கழுநீர் ஊற்றுகிற தொட்டியை யாரோ இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தது போல இருந்தது. முதல் படகுக்கு இதுதான் சரி என்றான். வேகம் போகாது, ஆனால் ஆடாது. மேலேயே உட்காரலாம், விழுந்தாலும் திரும்ப ஏறிக்கொள்ளலாம். தூண்டில் செருகப் பின்னால் ஓட்டை இருக்கிறது. கழியில் சிப்பி கிழித்தாலும் கோடு விழுமே தவிர உடையாது.

சூசைநாதன் காதைச் சாய்த்தார். தட்டினார்.

சொத்.

அந்தச் சத்தத்தைக் கேட்டு அவருக்குப் பையன் மீது பரிதாபமே வந்தது. செத்த சரக்கு. இப்படி ஒரு சத்தம் போடுகிற பேசினை அவர் கடையில் நாய் தண்ணீர் குடிக்கக்கூட வைத்ததில்லை. சுற்றிலும் பார்த்தார். மூலையில் ஒன்று நின்றது. ஃபைபர். குங்குமச் சிவப்பு, முகம் பார்க்கலாம் போலப் பளபளப்பு, விரால் மீன் மாதிரி ஒல்லியாக நீண்டு, நடுவில் இடுப்பு மட்டும் நுழைகிற ஒரு குழி. போய்த் தட்டினார்.

ணங்ங்.

கோயில் மணி அடித்து ஓய்ந்த பிறகும் காதுக்குள் சுற்றுமே, அந்த மாதிரி ஒரு நாதம். சூசைநாதனுக்கு முன்கை மயிர் சிலிர்த்தது. இது என்ன விலை என்றார்.

"அது ஒங்களுக்கு வேணாம் சார். வெல கூட. ரேஸுக்குப் போறவங்க ஓட்டுறது, புதுசா ஏறுனா கவுத்துடும். ஒங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

இந்த இடத்தில் சூசைநாதன் சிரித்தார். வாய் திறக்காமல், மூக்கால். ஏனென்றால் இந்த வசனம் அவருடையது. கடை ஆரம்பித்த நாளிலிருந்து அவர் சொல்லி வருவது. போகாமல் நின்றுபோன ரோஸ் நிற பேசின் ஒன்றைத் தள்ள வேண்டுமென்றால், முதலில் விலை கூடியதைக் காட்டி, இது உங்களுக்கு வேணாம் சார், உங்க நல்லதுக்குச் சொல்றேன் என்பார். ஆள் நெகிழ்ந்து போவான். இப்படி ஒரு யோக்கியனா என்று கண் கலங்க, அந்த ரோஸ் பேசினைக் கட்டித் தரச் சொல்லித் தூக்கிக்கொண்டு போவான். இதை அவரிடமே ஒரு அரைக்கால் சட்டை எடுத்துவிடுகிறது. ஆக, தொட்டி இவனிடம் தேங்கிக் கிடக்கிறது. எத்தனை வருஷமாகவோ.

பையன் விடவில்லை. பின்னால் ஆறு இருக்கிறது, இரண்டையும் தண்ணீரில் இறக்குகிறேன், இரண்டிலும் உட்கார்ந்து பார்த்துவிட்டு எது வேண்டுமோ எடுங்கள் என்றான். அதுவும் தெரிந்த வித்தைதான். ஜாடியை வாடிக்கையாளர் கையில் கொடுத்து, கனத்தைப் பாருங்க என்று சொல்லிவிட்டால் பாதி விற்ற மாதிரி. கையில் வாங்கியவன் திருப்பிக் கொடுக்கக் கூச்சப்படுவான். உட்கார வைத்துவிட்டால் எழுந்திருக்கவா போகிறான்?

"ஊறுகா ஜாடி வாங்க வர்றவன் கடையிலயே மாங்கா ஊறப்போட்டா பாப்பான்?" என்றார்.

இதற்குள் மெர்சி தரையில் கிடந்த பாசி நிறத் தொட்டியில் ஏறி உட்கார்ந்து, காலை நீட்டி, கையை மடியில் வைத்திருந்தாள். முதுகு நன்றாகச் சாய்ந்திருந்தது.

"இது நல்லாருக்குதுங்க."

"அது தொட்டி. எழுந்திரு."

எழுந்தாள். அவர் சிவப்புக்குப் பேரம் பேசினார். பையன் இரண்டாவது வார்த்தையிலேயே இறங்கிவிட்டான். விருத்தாசலத்தில் இவன் கடை போட்டால் தீபாவளி வரைக்கும்கூடத் தாங்கமாட்டான். கிளம்பும்போது, சரிப்படவில்லை என்றால் கொண்டு வாங்க, மாத்தித் தரேன் என்று வேறு சொன்னான். விற்றதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்கிற வியாபாரியை சூசைநாதன் அன்றுதான் பார்த்தார். வியாபாரி வீட்டில் பிறக்காதவன் என்று முடிவு கட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை சிவப்புப் படகு குட்டியானை வண்டியில் மல்லாந்து படுத்துக்கொண்டு கடலூர் போனது. வாலில் சிவப்புத் துணி கட்டியிருந்தது. வடலூரில் டீ குடிக்க நிறுத்தியபோது, கட்சிக் கூட்டத்துக்குப் போகிற ஏவுகணையா என்று ஒருவன் கேட்டான். பக்கிரி டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து வழியெல்லாம் வேர்க்கடலை உரித்தான். ஒரு வார்த்தை கேலி பேசவில்லை. வேலையை மிச்சம் வைத்திருப்பவன் போல அமைதியாக இருந்தான்.

சகாயம் வீட்டுப் பின்பக்கம் கழி நிறைந்து கிடந்தது. படகை இறக்கினார்கள். தண்ணீரில் அது இன்னும் அழகாக இருந்தது. சூசைநாதன் கரையில் நின்ற பக்கிரிக்குக் கேட்க வேண்டுமென்று இன்னொரு தடவை தட்டினார். ணங்ங். மெர்சி சேலை முந்தியைச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள். அவளைத் தடுத்தார். தட்டியவன்தான் முதலில் ஏற வேண்டும். வேட்டியை மடித்துக் கட்டினார். ஒரு காலைக் குழிக்குள் வைத்தார். பிறகு அடுத்த காலை.

படகு கவிழ்ந்தது என்று சொல்வது சரியில்லை. கவிழ வேண்டுமென்றால் முதலில் அது நிமிர்ந்திருக்க வேண்டும். அவர் உட்காரப் போன இடத்தில் தண்ணீர் இருந்தது. படகு நாகரிகமாக விலகிக்கொண்டது. சூசைநாதன் மல்லாக்க விழுந்து, மூழ்கி, எழுந்தார். ஆழம் இடுப்பளவுதான். அதற்குக் கீழே முழங்கால் அளவுக்குச் சேறு. மீசையில் பாசி. சிவப்புப் படகு வயிற்றைக் காட்டிக்கொண்டு இருபதடி தள்ளி மிதந்தது.

பக்கிரி சிரித்திருந்தால் தேவலை. அவன் கடலைத் தோலைக் கீழே தட்டிவிட்டு, கரை விளிம்புக்கு வந்து, உண்மையான அக்கறையோடு கேட்டான்.

"யாரு சூச ஒன்ன ஏமாத்துனது?"

அது திறந்து வைத்த கதவு. அந்தப் பையன் ஏமாற்றிவிட்டான் என்று சொன்னால் போதும். ஏமாறாத வியாபாரி இல்லை. கடைவீதி இரண்டு நாள் பேசும், பிறகு புதுச்சேரிக்காரனைத் திட்டும், பெயர் பிழைத்துக்கொள்ளும். சூசைநாதன் வாயைத் திறந்தார்.

"அந்தப் பையன் வேணாம்னுதான் சொன்னான்" என்றாள் மெர்சி. யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. படகு போகிற திசையைப் பார்த்துச் சொன்னாள். "ஏறிப் பாத்துட்டு எடுங்கன்னும் சொன்னான்."

சூசைநாதன் சேற்றில் ஒரு காலைப் பிடுங்கினார். இன்னொரு கால் இறங்கியது. ஏமாற்றினான் என்றால் பொய், பெண்டாட்டி சாட்சி. ஏமாற்றவில்லை என்றால் தட்டு பொய்.

"யாரும் ஏமாத்தல" என்றார் கடைசியில்.

"யாருமே ஏமாத்தாம ஏமாந்துட்ட" என்றான் பக்கிரி மெதுவாக. புதுச் சரக்கின் ருசியை நாக்கில் வைத்துப் பார்ப்பவன் போல அதை இன்னொரு தடவை தனக்குள் சொல்லிக்கொண்டான். அவன் ஊர் போய்ச் சேரும்வரை பொறுக்கமாட்டான், வடலூரிலேயே டீயோடு ஆரம்பித்துவிடுவான் என்று சூசைநாதனுக்குத் தெரிந்தது.

அன்று மதியமே மெர்சி அதே குட்டியானையில் படகை ஏற்றிக்கொண்டு அரியாங்குப்பம் போனாள். சூசைநாதன் மைத்துனன் கைலியைக் கட்டிக்கொண்டு அங்கேயே இருந்தார். திரும்பி வந்தவளிடம் பையன் என்ன சொன்னான் என்று கேட்டார். நான்தான் சொன்னேனே என்றுகூடச் சொல்லவில்லையாம். சிவப்பில் சிப்பி கீறியிருந்ததைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு, பரவால்லக்கா என்று சொல்லி, தொட்டியை ஏற்றிவிட்டு, துடுப்பு பிடிக்கக் கற்றுக்கொடுத்தானாம்.

"இவனெல்லாம் கட வச்சு" என்றார் சூசைநாதன். ஆனால் அதில் பழைய சுதி இல்லை. அவர் ஆயுளில் எத்தனையோ கள்ளர்களைப் பார்த்து, அத்தனை பேரையும் வென்றிருக்கிறார். யோக்கியனிடம் தோற்றால் யாரைத் திட்டுவது?

சொன்ன வாக்கை அவர் காப்பாற்றினார். கடைவீதியில் இப்போது தகராறு என்றால் பக்கிரியிடம் போகிறார்கள். அவன் பேசினைத் தட்டுவது கடன்காரன் கதவைத் தட்டுவது போல இருக்கும், காதையும் சாய்க்கமாட்டான். சூசைநாதன் கல்லாவில் உட்கார்ந்து, கையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, அந்தக் கண்றாவியைப் பார்க்கிறார். 'சூசை தட்டியாச்சு' என்ற பேச்சு மட்டும் போகவில்லை. ஏதாவது காரியம் தண்ணீரில் விழுந்துவிட்டால் இப்போது அப்படிச் சொல்கிறார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மெர்சி பாசி நிறத் தொட்டியில் போய்க் கழியின் நடுவில் உட்கார்ந்திருந்தாள். முதுகைச் சாய்த்து, காலை நீட்டி, தூண்டிலைப் பின்னால் செருகி. கரையிலிருந்து சூசைநாதன் பேசியது எதுவும் அவ்வளவு தூரம் எட்டவில்லை. அவளுக்கு அது தெரிந்துதான் அங்கே நிறுத்தியிருந்தாள். இரை தீர்ந்துபோய் ஒரு தடவை கரைக்கு வந்தாள். படகில் ஒரு கெளுத்தி துள்ளிக்கொண்டிருந்தது.

சூசைநாதன் இறால் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு இறங்கினார். சுற்றிலும் பார்த்தார். பக்கிரி இல்லை, இது கடைவீதியும் இல்லை. குனிந்து, இடது காதைச் சாய்த்து, விரல் முட்டியால் படகின் விளிம்பில் ஒரு தட்டு தட்டினார்.

சொத்.

"கேட்டியா? உள்ள எங்கயோ கீறல் இருக்குது" என்றார்.

மெர்சி பொட்டலத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு துடுப்பால் கரையை உந்தினாள்.

"தட்டாதீங்க. மீனு ஓடிடும்."