மேலாளரின் கோட்டு

பெட்டி குழிக்குள் இறங்கியதும் பெனி மாமா மண்வெட்டியை எடுத்தார். மூடுவதற்குக் கூலியாளை விடுவதில்லை. செத்தவருக்கு வேண்டியவர்கள்தான் மாறி மாறி மண் தள்ள வேண்டும்.

"எங்க மேனேஜர் ஹென்ட்ரிக்" என்று வெள்ளைக்கார முதலாளி பிராண்ட் தேவாலயத்தில் தழுதழுத்ததிலிருந்து, செத்தவரின் மகள் லொரெலுக்கு வயிறு எரிந்தது.

மேனேஜராம்! கறுப்பர்களுக்கும் கலப்பினத்தாருக்கும் மேல்பதவி கொடு என்று சட்டம் வந்தபோது, கேப் டவுன் கிடங்கில் ஒரு கதவில் அப்பாவின் பெயர்ப்பலகையை மாட்டினார்கள். கதவைத் திறந்தால் துடைப்பமும் வாளியும். சோதனைக்கு அதிகாரிகள் வரும் நாளில் பிராண்ட் தன் நீலக் கோட்டைக் கழற்றி அப்பாவுக்குப் போட்டுவிடுவார். அவர்கள் கார் வாசலைத் தாண்டியதும் திரும்ப வாங்கிக்கொள்வார். அப்பா மூட்டை தூக்கப் போய்விடுவார். போன செவ்வாய்க்கிழமை மூட்டையோடுதான் விழுந்தார். அவருக்காக வந்த சட்டத்தை வைத்தே அவரை ஏமாற்றிய பாவிகள்!

பிராண்ட் அவள் பக்கத்தில் வந்து நின்றார். அதே நீலக் கோட்டு.

"லொரெல், திங்கக்கிழமை சோதனைக்கு வர்றாங்க. அப்பா இடம் காலியா இருக்கு. நீ படிச்ச பொண்ணு. ஃபாரத்துல இனம்ங்கிற இடத்துல கலப்பினம்னு டிக் பண்ணி ஒரு கையெழுத்துப் போட்டா போதும்."

"வேலை என்ன?"

"வேலைன்னு ஒண்ணும் இல்லம்மா. பேருக்குத்தான்."

பெனி மாமா மண்வெட்டியோடு அவள் காதருகே குனிந்தார். "வாய வச்சுக்கிட்டு சும்மா இரு புள்ள. ஆறு மாசமா வேலையில்லாம இருக்க. சரின்னு சொல்லு."

ஆறு மாதம் உண்மைதான். அம்மாவின் மருந்துச் செலவும் உண்மைதான். லொரெல் மாமாவின் கையிலிருந்து மண்வெட்டியை வாங்கினாள். பிராண்டிடம் நீட்டினாள்.

"அந்த இடம் எனக்கு வேணாம் சார். வேற ஆளப் பாத்துக்குங்க. உங்க மேனேஜருக்கு மண்ணு போடுங்க."

"நானா?"

"கூட வேலை பாத்தவங்க போடணும். எங்க வழக்கம்."

ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. பிராண்ட் மண்வெட்டியை வாங்கி இரண்டு தள்ளு தள்ளினார். திருப்பிக் கொடுக்க நீட்டினார். லொரெல் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். பெனி மாமாவும் ஒரு கணம் அவளைப் பார்த்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார்.

குழி இன்னும் பாதிகூட நிரம்பவில்லை. வெயில் ஏறியிருந்தது. பிராண்ட் நீலக் கோட்டைக் கழற்றி, பிடித்துக்கொள்ள ஆள் தேடி ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.

யாரும் கை நீட்டவில்லை.