பெட்டி நம்பிய பாக்கி

கோவிந்தன் வைத்திருந்த தண்ணீர் வரி பாக்கி ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்தாறு ரூபாய். பத்து வருஷத்துப் பழைய பாக்கி அது. குழாயை வெட்டிய பிறகுதான் கட்டினார். கட்டியும் குழாயைச் சேர்க்க ஆள் வரவில்லை.

பெங்களூருக்கு ரயிலேறி மூட்டை தூக்கப் போகிற மனுஷன், மூன்று நாள் கூலியை விட்டு ராபர்ட்சன்பேட்டை நகராட்சி ஆபீசுக்கு அலைந்தார். மூன்று முறையும் கம்ப்யூட்டர் பாக்கி இருக்கிறது என்றது. நாலாம் முறை அவர் மனைவி பார்வதம்மா கிளம்பினாள். சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பில் அடுத்த லைனிலிருந்து குடம் சுமந்து சுமந்து அவள் இடுப்பே ஒரு பக்கம் சாய்ந்துபோயிருந்தது.

கவுன்ட்டரில் இருந்த மமதாவுக்கு விஷயம் தெரியும். "நீங்க கட்டினது நெஜம்தாம்மா. ஸ்க்ரீன் ஒத்துக்கணுமே" என்று, கம்ப்யூட்டர் பார்க்கும் விநாயக்கைக் கூப்பிட்டாள்.

அவன் மூலையில் இருந்த கறுப்புப் பெட்டியைக் காட்டினான். "கணக்கு பெங்களூர்ல கீதுக்கா. ஒவ்வொரு வாட்டியும் அங்க போனா லேட்டாகும்னு, ஒரு தபா வந்த பக்கத்த இந்த ப்ராக்ஸி எடுத்து வெச்சிக்கும். அப்புறம் யார் கேட்டாலும் அதையே குடுக்கும்."

"பழசாயிடுச்சின்னு அதுக்கு எப்டி தெரியும்?" என்றாள் பார்வதம்மா.

"இன்ன தேதி வரைக்கும் செல்லும்னு அனுப்புறவங்க போட்டு அனுப்பணும். போடல. அதனால அதுவே கணக்கு போடும். எவ்ளோ காலம் மாறாம இருந்துச்சோ, அதுல பத்துல ஒரு பங்கு. உங்க பாக்கி பத்து வருஷமா அசையல. இன்னும் ஒரு வருஷம் அசையாதுன்னு நம்புது."

"கட்டினத நம்பாது, கட்டாம இருந்தத நம்புமா?"

"முந்தாநாள் வெச்ச பாக்கியா இருந்தா இன்னைக்கு சாயந்தரமே போய்க் கேட்டுடும்."

"இப்பவே போய்க் கேளுன்னு அதட்டேம்பா."

"அதுக்கு பட்டன் கீது. எல்லாரும் அதையே அமுக்குறாங்கன்னு, பெட்டி காதுல வாங்காத மாதிரி பண்ணி வெச்சிட்டாங்க. மாத்த ஆர்டர் வரணும். ஆர்டர் வர்ற பக்கமும் இது வழியாதான் வருது. பழசையே காட்டினு கீது."

பெட்டியின் பச்சை விளக்கு எந்தக் கவலையும் இல்லாமல் கண்சிமிட்டியது.

"இன்னொரு வாட்டி பாரும்மா" என்றாள் பார்வதம்மா.

"வீட்டுக்காரர் பேரு?" என்று கேட்டாள் மமதா.

பார்வதம்மா வாயைத் திறக்கவில்லை.

"மறந்துட்டீங்களா?"

"அதெப்டி மறக்கும். சொல்றதில்ல."

"எழுதிக் காட்டுங்க."

"எழுதினா மட்டும் சொன்னதாவாதா?"

ரசீதிலும் பேர் இல்லை, வீட்டு நம்பர்தான் இருந்தது. மமதா அலுத்துக்கொண்டு அதையே தட்டினாள். திரை வெள்ளையாக நின்றது.

விநாயக் எட்டிப் பார்த்தான். "இதுவரைக்கும் பேர வெச்சே கேட்டோம். நம்பர வெச்சி யாரும் கேக்கல. பெட்டிகிட்ட அது இல்ல. பெங்களூருக்கே போயிருக்கு."

போனது திரும்பி வந்தது. பாக்கி இல்லை. கோவிந்தன் பணம் கட்டுவதற்கு மூன்று வாரம் முன்பே, சுரங்க லைன் வீடுகளின் பழைய பாக்கி எல்லாம் தள்ளுபடி ஆகியிருந்தது.

மமதா குழாய் சேர்க்கும் உத்தரவை பிரின்ட் போட்டு நீட்டினாள். "சாயந்தரம் ஆள் வருவாங்க. உங்க பணத்த இனி நாங்கதான் திருப்பித் தரணும். மனு குடுங்க. வந்துடுச்சான்னு இங்கயே வந்து கேக்கலாம்."

"அந்தப் பெட்டிகிட்டயா?"

"வேற யார்கிட்ட?"

பார்வதம்மா உத்தரவை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். "வேணாம்மா. நீங்க தர வேண்டியத நான் தள்ளுபடி பண்ணிட்டேன். எங்க கையெழுத்து போடணும், காட்டு."