அட்டைப்படத்துக்கு ஒற்றுமை

எங்கள் பள்ளியில் இனம், நிறம் என்ற பாகுபாடே கிடையாது. பிரின்சிபாலே சொல்லியிருக்கிறார். முன் கட்டிடம் திறமைசாலிகளுக்கு, பின் கட்டிடம் மற்றவர்களுக்கு, அவ்வளவுதான். எங்கள் நிறத்துப் பிள்ளைகள் அத்தனை பேரும் பின் கட்டிடத்தில் போய் விழுந்தது தற்செயல். வருடம் தவறாமல் நடக்கிற தற்செயல்.

என் மகளுக்கு அறிவியல் என்றால் உயிர். பின் கட்டிடத்திலும் லேப் என்று பலகை மாட்டிய அறை உண்டு. உடைந்த பெஞ்சுகளை அதில்தான் போட்டு வைத்திருக்கிறார்கள். லேப் பயிற்சி இல்லாதவர்களுக்கு அடுத்த வருடம் அறிவியல் பிரிவு கிடையாது என்று ஒரு விதி வேறு. "எல்லாப் பிள்ளைங்களையும் முன் கட்டிட லேப்ல விடுங்க சார்" என்று கேட்டு நடையாய் நடந்தேன். பஸ் ஓட்டுவது என் தொழில். இந்த விஷயத்தில் மட்டும் நடைதான். ஒவ்வொரு முறையும் பார்க்கலாம் என்று பிரின்சிபால் மரியாதையாக வாசல்வரை வந்து வழியனுப்புவார்.

இப்படி இருக்கும்போதுதான் பள்ளிக்குத் திடீரென்று ஒற்றுமை தேவைப்பட்டது. விளம்பரப் புத்தகத்தின் அட்டைக்கு. பின் கட்டிடத்திலிருந்து என் மகளையும் இன்னும் சிலரையும் பொறுக்கி எடுத்தார்கள். மார்க்கை யாரும் விசாரிக்கவில்லை. பெற்றோரும் வரலாம் என்றதால் லீவு போட்டுவிட்டுப் போனேன்.

முன் கட்டிட லேப்பில் மைக்ராஸ்கோப் முன்னால் அவளை உட்கார வைத்தார்கள். பக்கத்தில் முன் கட்டிடத்தில் படிக்கிற, எங்கள் ஊர்ப் பல் டாக்டரம்மாவின் மகள். போட்டோக்காரர் சிரிக்கச் சொன்னார். என் மகள் குனிந்து பார்த்துவிட்டு, உள்ளே ஒன்றும் இல்லையே என்றாள். போட்டோவுக்கு அதெல்லாம் எதற்கு என்றார் பிரின்சிபால். டாக்டரம்மா மகள்தான் காலை வகுப்பில் மிஞ்சிய வெங்காயத் தோலைக் கண்ணாடியில் வைத்து உள்ளே தள்ளி, எதைத் திருக வேண்டும் என்று காட்டிக்கொடுத்தாள்.

"அம்மா, செங்கல் அடுக்கின மாதிரி இருக்கு" என்றாள் என் மகள். ஒரு வெங்காயத்தைப் பார்க்க இவ்வளவு காலமா?

படம் எடுத்து முடிந்ததும், பின் கட்டிடத்துப் பிள்ளைகள் கிளம்பலாம் என்றார் பிரின்சிபால். என் மகள் எழுந்திருக்கவில்லை.

"இன்னும் பார்த்து முடிக்கலை சார்."

அவர் முகம் மாறியது. கையைப் பிடித்து எழுப்பினார். டாக்டரம்மா மகள், "அவ போனா நானும் போறேன்" என்று பையை மாட்டிக்கொண்டாள். படத்துக்காக லேப்பில் நிறுத்தி வைத்திருந்த முன் கட்டிட வகுப்பே அவள் பின்னால் கிளம்பிவிட்டது. பின் கட்டிடத்து உடைந்த பெஞ்சுகளில் எல்லோரும் இடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். போட்டோக்காரர் பின்னாலேயே ஓடி வந்து அதையும் எடுத்தார். அந்தப் படம் வேண்டாம் என்றுவிட்டார் பிரின்சிபால். ஒற்றுமை அதில் கொஞ்சம் தூக்கலாக விழுந்துவிட்டதாம்.

பெஞ்சு ஆணியில் தன் மகளின் சட்டை கிழிந்ததைப் பார்த்துவிட்டு, மறுநாள் காலையிலேயே பல் டாக்டரம்மா பள்ளிக்கு வந்துவிட்டார். வாசலில் நின்றிருந்த என்னையும் கூட்டிக்கொண்டு உள்ளே போனார். "எல்லாப் பிள்ளைங்களையும் முன் கட்டிட லேப்ல விடுங்க சார்" என்றார். வார்த்தைக்கு வார்த்தை நான் சொன்னதேதான். பிரின்சிபால் அருமையான யோசனை என்று வியந்து, திங்கட்கிழமையே தொடங்கிவிடலாம் என்றார்.

வெளியே வந்ததும் டாக்டரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். முகத்தில் உண்மையான அக்கறை.

"இவ்வளவு சுலபமா முடிஞ்சிடுச்சே. நீங்க முன்னாடியே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் கையை இழுத்துக்கொள்ளவில்லை. அந்தக் கை வராமல் திங்கட்கிழமை வந்திருக்காது.