தஸ்னீம் சொன்ன ஊர்

புதிதாக வந்த நேபாளத்துப் பெண்ணைத் தஸ்னீமிடம் ஒப்படைத்தது ஷெர்லின் மிஸ்தான். "உங்க வீட்ல உருது பேசுவீங்கல்ல? இவளுக்கு இந்தி தெரியும். ரெண்டும் ஒண்ணுதான். இனிமே நீதான் இவளுக்குத் துணை."

முஸ்லிம் என்றாலே உருது என்று நினைப்பது ராயபுரத்தில் பாதிப் பேர் செய்யும் தப்புதான். தஸ்னீமின் வீட்டில் தலைமுறை தலைமுறையாகத் தமிழைத் தவிர வேறு பேச்சே கிடையாது. வண்ணாரப்பேட்டையில் துணிக்கடை வைத்திருக்கும் அவள் வாப்பா, உருதுக்காரர் யாராவது வந்தால் விரலை மடக்கி நீட்டித்தான் பேரம் பேசுவார்.

"இல்ல மிஸ்" என்று சொல்லியிருக்கலாம். ஆனால் ஏழாம் வகுப்பு வரைக்கும் அவளை யாரும் எதற்கும் கூப்பிட்டதில்லை. துணைக்கு உட்கார்ந்தால் ஜன்னலோர முதல் பெஞ்சு வேறு கிடைக்கும். தலையை ஆட்டிவிட்டாள்.

அந்தப் பெண்ணின் பெயர் பிமலா. அப்பா ஒரு கன்டெய்னர் யார்டில் வாட்ச்மேன். முதல் நாள் மத்தியானம் ஜன்னலைப் பார்த்தபடி அவள் ஏதோ முணுமுணுத்தாள்.

"என்ன சொல்றா?" என்றார் மிஸ். வகுப்பே திரும்பிப் பார்த்தது.

தஸ்னீமுக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை; அவளும் ஜன்னலைப் பார்த்தாள். வெளியே துறைமுகத்துக் கிரேன்கள் புழுதியில் பாதி கரைந்து நின்றன. "அவங்க ஊர்ல மேகம் வூட்டுக்குள்ளயே வந்துடுமாம் மிஸ். அவங்கம்மா தொடப்பத்தால பெருக்கித் தள்ளுவாங்களாம்."

வகுப்பு வாயைப் பிளந்தது. அதுவரை ஒதுங்கியிருந்த பிள்ளைகள் இன்டர்வெல்லில் பிமலாவிடம் நெல்லிக்காய் நீட்டினார்கள்.

அப்புறம் அது தினப்படி வழக்கமாயிற்று. மேகக் கதையைப் பிள்ளைகள் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்வார்கள். கடைசிப் பீரியடில் கடல்காற்று வந்து கண்ணைச் சொருகும் நேரம், பிமலா நாலு வார்த்தை சொல்வாள், தஸ்னீம் நாற்பதாக்குவாள். அந்த ஊர் ஆறு ராத்திரியில் புரண்டு படுக்குமாம். அது விழித்துவிடாமலிருக்க எல்லோரும் கிசுகிசுத்துத்தான் பேசுவார்களாம். பனி விழுந்தால் சத்தமெல்லாம் அடங்கிப்போகும் என்று பிள்ளைகளின் காலில் மணி கட்டுவார்களாம். பொய் என்பது தஸ்னீமுக்கே மறந்துபோகும். சாயங்காலம் துணிக்கடைத் தெருவில் நடக்கும்போது பாதம் சில்லிடும்.

பிமலாவுக்குத் தமிழ் கற்றுக்கொடுத்ததும் அவள்தான். தண்ணி, சோறு, இன்னா, கீது. சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்கிறோம் என்று அவளுக்குத் தெரியாமலில்லை. ஆனால் தன் வாயையே பார்த்துக்கொண்டிருக்கும் ஒருத்தியிடம் எப்படி மாட்டேன் என்பது? கெட்டிக்காரன் புளுகு எட்டு நாள் என்பார்கள். இவள் புளுகு அரையாண்டுப் பரீட்சையையே தாண்டிவிட்டது.

பொங்கல் லீவு முடிந்து வந்த அன்று ஷெர்லின் மிஸ் சிரித்துக்கொண்டே சொன்னார். "பிமலா, இன்னைக்கு நீயே தமிழ்ல உங்க ஊரைப் பத்திச் சொல்லு பாக்கலாம்."

தொலைந்தோம் என்று நினைத்தாள் தஸ்னீம். மாட்டிக்கொண்டால் பெஞ்சு போகும், போகட்டும். பிமலாவும் போய்விடுவாளே! அதுதான் வலித்தது.

பிமலா எழுந்தாள். "எங்க வூட்டுக்குள்ள மேகம் வரும். அம்மா பெருக்கித் தள்ளும்." ஆறு, கிசுகிசுப்பு, கால் மணி, ஒன்று விடாமல் சொன்னாள். வகுப்பு கைதட்டியது.

குழாயடியில் தஸ்னீம் அவளை மடக்கினாள். "மொத நாள் நீ மெய்யா இன்னாடி சொன்ன?"

"பாத்ரூம் எங்க கீதுன்னு கேட்டேன்."

தஸ்னீமுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. "அப்ப ஏன்டி என்னைக் காட்டிக்குடுக்கல?"

பிமலா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நான் கைக்கொழந்தையா இருக்கசொல்லவே சூரத்துக்குத் தூக்கினு போய்ட்டாங்க. ஊரைப் பாத்ததே இல்ல. கேட்டா அம்மா அழும். நீ சொல்லித்தான் எனக்கு ஊரே தெரியும்." கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டாள். "எங்க வூட்டு வாசல் எந்தப் பக்கம் கீது? அத்த நீ சொல்லவே இல்ல."

தஸ்னீம் குழாயை மூடினாள். இனி வாய்க்கு வந்ததைச் சொல்ல முடியாது. மணி அடித்த பிறகும் அங்கேயே நின்று யோசித்தாள்.

"கெழக்குப் பக்கம்" என்றாள். "காலைல வெயில் உம்மேலதான் மொதல்ல படும்."