காய்ச்சல் என்று சொன்னோம்

விடிவதற்கு முன்பே பட்டறையில் சுத்தியல் சத்தம் தொடங்கிவிடும். பழைய பேட்டரியின் மண்டையில் ஓங்கி ஒரு போடு. சாய்த்துப் பிடித்தால் ஆசிட் சாக்கடைக்கு ஓடும். பிறகு உள்ளே கையை விட்டு ஈயத் தகடுகளைப் பிடுங்க வேண்டும். சாம்பல் நிறத் தூசி நாக்கில் இனிக்கும். முதலாளி கையுறை தராமல் இல்லை. தந்தார், எல்லாமே இடது கைக்கு. "வலது கை அடுத்த ஜென்மத்துல வரும்டி" என்பாள் பக்கத்தில் உட்கார்ந்து உடைக்கும் அண்ணி. என் புருஷனின் அக்கா.

அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாள் தள்ளிப் போயிருந்தது. அண்ணியிடம் மட்டும்தான் சொல்லியிருந்தேன். சுத்தியலைத் தூக்கும்போதெல்லாம் அடிவயிறு இழுத்துப் பிடித்தது. போன தடவையும் இப்படித்தான் ஆரம்பித்தது.

போன தடவை மேஸ்திரியிடம் காய்ச்சல் என்று சொல்லி லீவு வாங்கினேன். இங்கே எல்லாப் பெண்களும் அப்படித்தான். காய்ச்சலுக்கு லீவு உண்டு. பிள்ளை கலைந்தது என்றால், இவள் இனி உதவ மாட்டாள் என்று நிறுத்திவிடுவார்கள். சொல்லிச் சொல்லி எங்களுக்குள்ளும் அதுவே பேச்சாகிவிட்டது. "அவளுக்கும் காய்ச்சலாம்" என்று யாராவது சொன்னால் போதும், சாயங்காலம் போய் அவள் பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்திருப்போம்.

வெயில் ஏறியதும் டாக்டரம்மா வந்தார். தாய்மாரையும் குழந்தைகளையும் பற்றி ஆராய்ச்சி செய்கிறவர். எங்கள் ரத்தத்தையும் பிள்ளைகளின் ரத்தத்தையும் முன்பே எடுத்துப் போயிருந்தார். முதலாளி தானே நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"ரத்தத்துல ஈயம் ரொம்ப அதிகமா இருக்கு" என்றார் டாக்டரம்மா. "ஆனா கர்ப்பம் கலைஞ்சிருக்கான்னு கேட்டா, ஒருத்தர்கூட ஆமான்னு சொல்லல. அதுதான் எனக்குப் புரியல."

"இதுல புரிய என்ன இருக்கு? ஒவ்வொருத்தியும் கல்லு மாதிரி இருக்கா" என்று சிரித்தார் முதலாளி. "ஈயத்தால ஒண்ணும் இல்லன்னு எழுதிட்டுப் போங்க."

யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளுமாமே, அந்த வேலையைத்தான் செய்திருந்தோம். வேலைக்குப் பயந்து சொன்ன பொய் இப்போது அவருக்குச் சாட்சி சொன்னது.

அண்ணி சுத்தியலைக் கீழே வைத்தாள். அவள் கையைப் பிடித்து இழுத்தேன்.

"வேணாம் அண்ணி. வேலை போயிடும்."

"வேற வேலை தேடலாம்டி. அதைத் தேட முடியுமா?" என்று என் வயிற்றைப் பார்த்தாள். எழுந்து நின்றாள். "டாக்டர், காய்ச்சலைப் பத்தி நீங்க கேக்கவே இல்லையே?"

"காய்ச்சலா?"

"ஆமா. எனக்கு ரெண்டு தடவை வந்துச்சு. ரெண்டாவது, அஞ்சாம் மாசத்துல. ஆம்பளப் புள்ள."

டாக்டரம்மா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். சுத்தியல்கள் ஒவ்வொன்றாக நின்றன.

"இவளுக்குப் பைத்தியம் டாக்டர்!" முதலாளி கத்தினார். எங்கள் பக்கம் திரும்பினார். "வேற எவளுக்குடி வந்துச்சு? சொல்லுங்க பாக்கலாம்."

எல்லோரும் முன்னால் கிடந்த பேட்டரியையே குனிந்து பார்த்தார்கள். அண்ணி தனியாக நின்றாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"எனக்கும் வந்துச்சு" என்றேன். "இப்ப மறுபடி உண்டாகியிருக்கேன். பயமா இருக்கு டாக்டர்."

"எனக்கும்" என்றது பின்னால் ஒரு குரல். சுவரோரத்தில் ஒருத்தி பேசாமல் அழத் தொடங்கினாள்.

"நீங்க ரெண்டு பேரும் நாளையிலேருந்து வர வேண்டாம்" என்றார் முதலாளி. "மத்தவங்க வேலையப் பாருங்க."

ஒருத்தியும் சுத்தியலைத் தொடவில்லை.

"காது கேக்கலையா?"

"நல்லாவே கேக்குது முதலாளி." ஓயாமல் பேசுவதால் நாங்கள் ரேடியோ என்று கூப்பிடுகிறவள் எழுந்தாள். "நிறுத்துறதா இருந்தா மொத்தமா நிறுத்துங்க. நாளைக்கு நீங்களே உக்காந்து உடைங்க."

எல்லோரும் எழுந்து வந்து எங்களோடு நின்றார்கள். இரண்டு பக்கமும் தோள்கள் என்னை நெருக்கி நின்றன.