பாட்டரி சாகாத கேசட்

சனிக்கிழமை காலை எட்டரை மணிக்கு, தீயணைப்பு நிலையத்து ஹாலில், ரோன்டா தன் மேசையை விட்டுப் பத்தடி தள்ளிப் போய் ஒரு கண்ணை மூடிக்கொண்டு கடையைப் பார்த்தாள். இன்னும் அரை மணியில் கதவைத் திறந்துவிடுவார்கள். பழைய வீடியோ கேம் சந்தைக்கு வருகிறவன் ஒரு கடைக்குக் கொடுப்பது மூன்று விநாடி. அதற்குள் அவன் காலை நிறுத்தாவிட்டால் அப்புறம் ஆளில்லாத கடையில் டீ ஆற்ற வேண்டியதுதான். பக்கத்து மேசை கஸ் வாழைப்பழ அட்டைப்பெட்டியில் கேசட்டுகளைக் கொட்டி வைத்துவிட்டு, அதன் பின்னால் உட்கார்ந்து ஒருவரும் வருவதில்லை என்று வருஷா வருஷம் புலம்புவார்.

ரோன்டா புலம்புகிற ஜாதி இல்லை. அப்பா ரொட்டி வண்டி ஓட்டிய காலத்து டிரேக்களைக் கவிழ்த்து மூன்று படி கட்டி, தரை வரைக்கும் கறுப்புத் துணி போர்த்தியிருந்தாள். மேல்படியில் பெட்டி கசங்காதவை, நடுப்படியில் கேசட்டுகள், கீழே சில்லறைச் சாமான்கள். இரண்டு சிவப்பு லேபிள் பக்கத்தில் பக்கத்தில் வரக் கூடாது. விலைச் சீட்டு பிளாஸ்டிக் உறையின் மேல்தான், லேபிளில் ஒட்டுகிறவன் கை விளங்காது. நடுவில் ஒரு குண்டு டிவி, அதில் ஏதாவது ஒரு விளையாட்டு ஓடிக்கொண்டிருக்க வேண்டும். கூட்டத்தை இழுப்பது அதுதான்.

டிவியில் போட, லேபிள் கிழிந்த கேசட் ஒன்றைப் போன வாரம் வாங்கிய பெட்டியிலிருந்து எடுத்தாள். படியில் வைத்தால் கண்ணை உறுத்தும். கேம் மிஷினுக்குள் போனால் அதன் மூஞ்சியை யார் பார்க்கப் போகிறார்கள். தவிர, விளையாடியவரின் பெயரையும் எட்டிய இடத்தையும் உள்ளேயே சேமித்து வைக்கிற ரகம் அது. பழைய சொந்தக்காரரின் பெயர் இன்னும் தெரிந்தால் உள்ளே பாட்டரி சாகவில்லை என்று அர்த்தம். அதனால் இந்தத் தொழிலில் யாரும் அதை அழிக்க மாட்டார்கள், விற்கிற வரைக்கும் காட்டிக்கொண்டே இருப்பார்கள்.

சுவிட்சைப் போட்டாள். இசை வந்தது. திரையில் மூன்று பெயர்கள் வரிசையாக வந்தன.

ரோன்டா. பிஸ்கட். கோரி.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ரோன்டாக்கள் ஊருக்கு நாலு பேர் இருப்பார்கள். பிஸ்கட் என்று நாய்க்குப் பெயர் வைத்து, அந்த நாய்க்காகவும் ஓர் ஆட்டம் தொடங்கி, அதைப் பனிக் குகைக்குள் உயிர்க்கணக்கில் இரண்டே இரண்டு இதயத்தோடு மாட்டவிட்ட ரோன்டா உலகத்தில் ஒருத்திதான். பெயருக்குப் பக்கத்திலேயே தெரிந்த அதே குகையை அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். பதினோரு வயதில் பள்ளிக்கூடம் விட்டு வந்து அந்தக் குகையைத் தாண்டிவிட வேண்டும் என்று ஓடி வந்த சாயங்காலம்தான் வீட்டில் டிவியைக் காணோம், அம்மாவின் கேமராவைக் காணோம், கேம் மிஷினைக் காணோம்.

திருடியது எதிர்வீட்டு டுவெய்ன் பிரூயிட். பதினைந்து வயது, பேப்பர் போடுகிற பையன். அவன் மூட்டையோடு வேலி தாண்டிப் போனதைப் பார்த்தேன் என்று போலீஸ்காரரிடம் சொன்னது ரோன்டாதான். தைரியமான பொண்ணு என்று அவர் தலையைத் தடவிக்கொடுத்தார். டுவெய்னைச் சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்பினார்கள். அவனுடைய அம்மா வீட்டைக் காலி செய்துகொண்டு போன நாளில் தெருவில் யாரும் வெளியே வந்து வழியனுப்பவில்லை.

அப்பா வெர்ன் இரண்டு காபியும் ஒரு பொட்டலம் டோனட்டுமாக வந்தார். எழுபத்தாறு வயது. அம்மா காலமானதிலிருந்து எந்தச் சந்தையிலும் மகளைத் தனியாக விட்டதில்லை.

"அப்பா, இங்க வந்து பாரு! நம்ம கேசட்டுப்பா! அந்தத் திருட்டுப் பய வித்தது முப்பத்திமூணு வருஷம் ஊரெல்லாம் சுத்தி எங்கிட்டயே வந்து நிக்குது!"

அப்பா திரையைப் பார்த்தார். காபியை மெதுவாகக் கீழே வைத்தார். "பிஸ்கட்னு நாய் இல்லாத தெரு எதும்மா இருக்கு? நேரமாச்சு, வேற நல்லதா எதாச்சும் போடு."

"நம்ம குகைப்பா இது! ரெண்டே ரெண்டு இதயம்!"

"சரி சரி. காபி ஆறுது."

கதவு திறந்ததும் கூட்டம் வந்தது. கால்கள் நின்றன. ரோன்டா வருகிறவர்களிடமெல்லாம் கதையைச் சொன்னாள். கேட்டவர்கள் வாயைப் பிளந்தார்கள், ஒருவர் கை குலுக்கினார். அப்பா மட்டும் டிவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பஞ்சுக் குச்சியால் ஏற்கெனவே துடைத்த கேசட்டையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தார்.

பத்தரை மணி வாக்கில், அந்தக் கேசட் இருந்த பெட்டியைப் போன வாரம் விற்றவனே வந்தான். பக்கத்து மாவட்டத்துக்காரன், நாற்பது வயசு இருக்கும், இறந்துபோன அம்மாவின் வீட்டைக் காலி செய்துகொண்டிருந்தவன். சந்தைக்கு வந்து பாருங்க என்று அவள்தான் சொல்லியிருந்தாள். டிவியைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்தது.

"அடடா, இன்னும் ஓடுதா! அக்கா, அந்த மூணாவது ஆளு நான்தான். மேல இருக்கிற ரெண்டையும் அழிக்க மனசே வரல. யாரோ பாவம், அவ்வளவு தூரம் விளையாடி வச்சிருக்காங்க."

"கோரி, இத நீங்க யார்கிட்ட வாங்குனீங்க?" ரோன்டாவின் குரலில் சந்தோஷம்தான் இருந்தது. டுவெய்ன் யாரிடம் விற்றான் என்று இன்றைக்குத் தெரிந்துவிடும்.

"வாங்கல அக்கா. அம்மாவோட ஃபிரெண்டு ஒருத்தர் கொண்டாந்தார். எனக்கு அப்ப ஆறு வயசு. அப்பா எங்கள விட்டுட்டுப் போன வருஷம், வீட்ல டிவிகூடக் கெடையாது. ஒரு நாள் மத்தியானம் அவரோட ரொட்டி வண்டியில டிவி, இந்த மிஷின், ஒரு கேமரா, எல்லாம் வந்து எறங்குச்சு. ஆகஸ்ட்லயே கிறிஸ்துமஸ் வந்துருச்சுன்னு குதிச்சேன். என்னைப் பெத்தவரு அப்பிடி ஒரு நாளும் செஞ்சதில்ல."

ரொட்டி வண்டி என்றால் எத்தனையோ ரொட்டி வண்டி என்று ரோன்டாவின் மனசு சொல்லிப் பார்த்தது. திரும்பக் கூடாது, திரும்பாதே என்றும் சொன்னது. அதற்குள் கோரியின் பார்வை அவள் தோளைத் தாண்டிப் போய்விட்டது.

"வெர்ன் அங்கிள்?"

அவள் திரும்பினாள். அப்பாவின் முகத்தில் ஈயாடவில்லை.

"ஆள் மாறிப் பாக்குறீங்க தம்பி."

அவருடைய நெஞ்சில், சந்தைக்காரர்கள் எல்லோருக்கும் குத்திவிட்ட பெயர் அட்டையில், வெர்ன் என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்கூடக் கொஞ்சம் சோறாவது போடுவார். கோரி அந்த அட்டையைப் பார்த்தான். பிறகு ரோன்டாவின் அட்டையைப் பார்த்தான். பிறகு திரையில் முதல் பெயரைப் பார்த்தான். சிரிப்பு அவன் முகத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

"எனக்குத் தெரியாதுக்கா," என்றான். "சத்தியமாத் தெரியாது." பின்வாங்கியபடியே கூட்டத்துக்குள் போய்விட்டான்.

யாரோ ஒரு கேசட்டின் விலை கேட்டார்கள். ரோன்டா பதில் சொன்னாள், சில்லறையும் கொடுத்தாள். கை தன்பாட்டுக்கு வேலை செய்தது. தலைக்குள் அந்தச் சாயங்காலம் மட்டும் ஓடியது. சமையலறை மேசை. போலீஸ்காரர் இன்னும் வந்து சேரவில்லை. அப்பா அவள் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு கேட்டார். எதிர்வீட்டுப் பையன் வேலிப் பக்கம் போனானாம்மா? தோள்ல பை இருந்துச்சா? பெரிய பையா? நல்லா யோசிச்சுச் சொல்லு. டுவெய்னின் தோளில் தினமும்தான் பை இருந்தது, பேப்பர் பை. அவள் ஆமாம் என்றாள். பெரிய பை என்றாள். வேலி தாண்டினான் என்று அவளாகவே சேர்த்துக்கொண்டாள், அப்பா அவ்வளவு ஆசையாகக் கேட்டதால். அதற்கப்புறம் இத்தனை வருஷமும் அவன் வேலி தாண்டுவதை அவள் தன் கண்ணாலேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் பார்க்கலப்பா," என்றாள்.

அப்பா நடுப்படியில் சாய்ந்திருந்த ஒரு கேசட்டை நேராக்கினார். "பழைய கதையம்மா. உங்கம்மாவே போயாச்சு. அந்தப் பொம்பளையும் போயிட்டா போலிருக்கு. யாருக்கு என்ன இப்ப?"

"டுவெய்னுக்கு?"

"யாரு?"

அவர் மறைக்கிறார் என்று நினைத்து அவரைப் பார்த்தாள். அவர் மறைக்கவில்லை. பொடி எழுத்துச் சீட்டைப் படிக்கிறவர் மாதிரி புருவத்தைச் சுருக்கிக்கொண்டு, நிஜமாகவே யோசித்தார்.

"டுவெய்ன்... நம்ம ரொட்டி டிப்போல டயர் மாத்துவானே, அவனா?"

அவர் பொய் சொன்னதைக்கூட ரோன்டா எப்படியாவது ஒரு நாள் விழுங்கியிருப்பாள். அந்தப் பையனின் பெயர்கூட அவருக்குத் தங்கவில்லை என்பதை எப்படி விழுங்குவது. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். கறுப்புத் துணி கசங்கியது.

"இந்தக் கடைதான் இந்த வருஷம் எல்லாருக்கும் பிடிச்சிருக்காம்!" சந்தை நடத்துகிற அம்மா கேமராவைத் தூக்கிக்கொண்டு எதிரே வந்து நின்றாள். "அப்பாவும் பொண்ணும் சேர்ந்து நில்லுங்க பாப்போம். எங்க, டிவி தெரியட்டும். ம், சிரிங்க!"

அப்பா ஒட்டி வந்து நின்று அவள் தோளில் கையைப் போட்டார். அவர் மேல் டோனட் சர்க்கரை வாசனை அடித்தது. ரோன்டாவின் வாய் பழக்கதோஷத்தில் தானாகவே சிரித்தது. வெளிச்சம் பளிச்சென்று அடித்தது.

"பொண்ணு கண்ண மூடிட்டா," என்றாள் அந்த அம்மா. "இன்னொன்னு எடுக்கிறேன், அப்படியே நில்லுங்க."