நாலு பேர் உட்காரலாம்

1

இந்தக் கதையை நான் கேலி செய்வதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். உயர்ந்த நோக்கம் ஏதாவது இருக்கும் என்று நம்பிப் பக்கத்தைப் புரட்டியவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம்.

ஹட்டனில் பல் வைத்தியருக்காகக் காத்திருந்தபோது பக்கத்து நாற்காலிக்காரர் தன் கைபேசியை என் மூக்குக்கு நேரே நீட்டினார். அதில் ஒரு காணொளி. றொசல்லவுக்கு அருகே தோட்டத்துப் பாதை ஒன்று ரயில் தண்டவாளத்தைக் கடக்கிற இடம். தண்டவாளத்தின் மேல் ஒரு சூப்பர் கார் வயிறு தட்டிப் படுத்திருக்கிறது. ஆரஞ்சு நிறம். தவளையைப் போல அகலமாக, தரையோடு தரையாக. தேயிலை மலையிலிருந்து இறங்கி வந்த ஆண்களும் பெண்களுமாக அதைத் தூக்குகிறார்கள். பட்டு வேட்டி கட்டிய ஒருவர் காரைச் சுற்றிச் சுற்றி ஓடி, அடியில் பிடிக்காதீர்கள், பெயின்டில் கை வைக்காதீர்கள் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். காணொளி எடுத்தவரின் சிரிப்பில் படமே குலுங்குகிறது.

பல் வலியை மறந்து நானும் சிரித்தேன். அன்றைக்கே ஒரு தொடக்கமும் எழுதினேன்:

[மலையில் பிறந்த ஒருவன் மலைக்கு ஒவ்வாத காரை வாங்கினான் என்றால் அவனுடைய—]

அந்த வாக்கியம் அங்கேயே கிடக்கட்டும். அதை முடிக்கவிடாமல் என் மனைவி தோளுக்கு மேலே எட்டிக் காணொளியைப் பார்த்துவிட்டு, "இது நம்ம ஜெயந்தினி வீட்டுக்காரருங்க" என்றாள். ஜெயந்தினி அவளோடு ஆசிரியர் கலாசாலையில் படித்தவள். நுவரெலியாவில் கணிதம் படிப்பிக்கிறாள். பிறகு ஒருநாள் அவளே எங்கள் வீட்டுக்கு வந்து, காணொளி தொடங்குவதற்கு முன்னால் நடந்ததைச் சொன்னாள். கேட்டபின் கேலி கொஞ்சம் குறையும் என்று எதிர்பார்த்தேன். குறையவில்லை. கசந்துபோனது, அவ்வளவுதான்.

2

ஜெயந்தினியின் கணவர் ஜீவராஜ் டயகமத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்தவர். நுவரெலியாச் சந்தையில் மரக்கறி மூட்டை தூக்கி, பிறகு தரகு பார்த்து, லொறிகள் வாங்கி, சின்னதாக ஒரு ஹோட்டலும் கட்டியவர். இதுவரை சிரிக்க ஒன்றுமில்லை. உழைத்து முன்னேறியவரைப் பற்றிக் கதை எழுதுவது வாழ்த்து மடல் எழுதுகிற மாதிரி. நானும் மேசையை விட்டு எழுந்து போயிருப்பேன்.

தடைப்பட்டிருந்த வாகன இறக்குமதி மறுபடி திறந்த வருடம், கொழும்பில் ஒரு பணக்காரர் புது சூப்பர் காரை இறக்குவதற்காகப் பழையதை விற்கிறார் என்று ஜீவராஜ் கேள்விப்பட்டார். போய்ப் பார்த்தார். இரண்டு கதவு, நான்கு சீட். மணிக்கு முந்நூறு கிலோமீற்றர் போகும்.*

* எங்கே போகும் என்று யாரும் கேட்கவில்லை. நானுஓயாவிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும் வளைவுகளில் முன்னால் பஸ், அதற்குப் பின்னால் மரக்கறி லொறி, அதற்கும் பின்னால் இந்தக் கார். அந்த முந்நூறை எந்த வளைவில் வைப்பது என்று நீங்களே பாருங்கள். காரின் பெயரைச் சொல்லமாட்டேன். விற்பவர்கள் எனக்குக் கமிஷன் தருவதில்லை.

ஏன் என்று ஜெயந்தினி கேட்டாள். "சோக்குக்கு வாங்குறதில்ல ஜெயா. நாலு பேர் உக்காரலாம். குடும்பக் காரு" என்றார். அதற்கும் மேலே ஒரு காரணம் வைத்திருந்தார்: அக்கா. டயகமவில் இருக்கும் அவருடைய அக்கா காளியாயிக்குச் சரிவிலேயே நின்று கொழுந்து பறித்து முட்டி தேய்ந்துவிட்டது. பஸ்ஸில் அலைய முடியாது. அக்காவைச் சொகுசாகக் கூட்டிப்போக வேண்டாமா?

வீட்டில் ஒரு வேன் நின்றது. அக்கா அதில் படியில் கால் வைத்து நிமிர்ந்து ஏறுவார். இதை ஜெயந்தினி எடுத்துச் சொன்னாள். அந்த வேனை விற்றுத்தான் ஜீவராஜ் முற்பணம் கட்டினார். பிறகு ஒரு லொறியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றையும் விற்றார். ஹோட்டலின் மேல்மாடி கம்பியை நீட்டிக்கொண்டு பாதியில் நின்றது. ஹோட்டல் வருமானம் காரின் லீசிங் தவணைக்கு, மிச்ச லொறி பெட்ரோலுக்கு, டீச்சர் சம்பளம் வீட்டுச் சாப்பாட்டுக்கு. ஜெயந்தினி சண்டை போட்டுப் பார்த்தாள். பிறகு சண்டையை விட்டுவிட்டு, பள்ளிக்கூடத்தில் யாராவது காரைப் பற்றிக் கேட்டால் முகம் மாறாமல், "நல்ல கார். பூனைகூட அடியில படுக்க முடியாது" என்று சொல்லப் பழகிக்கொண்டாள்.

(லொறி ஓட்டிய வீரய்யாவுக்கு வேலை போயிற்று. அவரை அந்த ரயில் கடவைக்குக் கொண்டுவந்து, அவர் கையாலேயே காரைத் தூக்கவைத்தால் கதை எவ்வளவு லட்சணமாக உட்காரும்! எழுதியும் பார்த்தேன். பிறகு கிழித்துப் போட்டேன். வீரய்யா அன்று தம்புள்ளையில் வேலை தேடி அலைந்துகொண்டிருந்தார். என் கதைக்காக அவர் பஸ் ஏறி வரமாட்டார்.)

3

காளியாயியை எழுதுவதில்தான் எனக்குச் சிக்கல். முதலில் இப்படி எழுதினேன்:

[தம்பியின் ஆடம்பரத்தைக் கண்டு அந்த எளிய உள்ளம் வேதனையில்—]

பொய். ஜெயந்தினி இதைப் படித்திருந்தால் தாளை என் முகத்தில் எறிந்திருப்பாள். அந்தக் குடும்பத்தில் காரை மனதார விரும்பிய ஒரே ஆள் காளியாயிதான். தம்பி தனக்காகவே கார் வாங்கியிருக்கிறான் என்று லயத்தில் வீடு வீடாகப் போய்ச் சொன்னவர் அவர். நிறத்தைச் சொன்னார், விலையை இரண்டு மடங்காக்கிச் சொன்னார். பக்கத்து வீட்டு ராசம்மா, அதில் ஏறியாயிற்றா என்று கேட்டபோதுதான் பேச்சு நின்றது. ஏறவில்லை. மாதக்கணக்காகியும் ஏறவில்லை. லயத்துக்குப் போகும் கல்ரோட்டில் அந்தக் கார் வராது.

அதனால், ஜெயந்தினியின் தம்பி நிரோஷன் றொசல்லப் பக்கம் புதுவீட்டில் பால் காய்ச்சுகிறான், எல்லோரும் காரில் போகிறோம் என்று தகவல் வந்ததும், காளியாயி முதல் நாளே பஸ் பிடித்து நுவரெலியாவுக்கு வந்துவிட்டார். பஸ்ஸில் அலைய முடியாதவர்தான்.

காலையில் கத்தரிப்பூ நிறப் பட்டுச்சேலை கட்டி வாசலில் நின்றார். மதினி முன்னால் உட்காரட்டும் என்றாள் ஜெயந்தினி. ஜீவராஜ் ஒப்புக்கொள்ளவில்லை. பின்னாலும் ஆள் வசதியாக உட்காரலாம் என்பதை அங்கே எல்லோரும் பார்க்க வேண்டும் என்றார்.

முன் சீட் மோட்டாரில் நகர்ந்து வழிவிட்டது, கோயில் தேர் மாதிரி ஆற அமர. காளியாயி தலையை முதலில் கொடுத்து, பிறகு தோளைக் கொடுத்து, உள்ளேயிருந்து ஜீவராஜின் மகள் கிருஷாந்தி இழுக்க, வெளியேயிருந்து ஜெயந்தினி தள்ள, ஒருவழியாகப் போய்ச் சேர்ந்தார். முட்டி இரண்டும் நெஞ்சுக்கு வந்துவிட்டன. டிக்கியில் பழத்தட்டு வைத்ததும் இடம் முடிந்துபோனதால், நிரோஷனுக்கு வாங்கிய ரைஸ் குக்கர் பெட்டி ஜெயந்தினியின் காலடிக்கு வந்தது.

"மெத்துனு இருக்குடா தம்பி" என்றார் காளியாயி.  கண்ணாடியில் பார்த்த ஜெயந்தினிக்கு, வலியை மறைக்கப் பல்லைக் கடித்திருக்கிறார் என்று தெரிந்தது. ஆனாலும் தலவாக்கலைக் கடைவீதியில் ஆட்கள் திரும்பிப் பார்த்தபோது காளியாயியின் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பை மட்டும் என்னால் கேலி செய்ய முடியவில்லை.

4

ரயில் மோதவில்லை. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். வயதான பெண்ணொருவரின் உயிரைத் தொங்கவிட்டு உங்களைப் படிக்கவைக்கும் அளவுக்கு நான் இன்னும் போகவில்லை.

ஆனால் அன்று கடவையில் நின்றவர்களுக்கு அது தெரியாது.

பிரதான வீதியிலிருந்து தோட்டத்துப் பாதைக்குத் திரும்பியதும் கடவை. கேட் கிடையாது. ஜீவராஜ் மெதுவாகத்தான் ஏற்றினார். முன் சக்கரம் தண்டவாளத்தைத் தாண்டியது. நடு வயிறு இரும்பின் மேல் உட்கார்ந்தது. பின் சக்கரங்கள் கல்லை வாரி இறைத்தன. கார் அசையவில்லை.

அவர் இறங்கினார். அவர் பக்கமாகக் கிருஷாந்தி நெளிந்து வெளியே வந்துவிட்டாள். காளியாயி மறுபக்கம்; நடுவில் இரண்டு சீட்டையும் பிரிக்கும் மேடு. ஜெயந்தினி இறங்கிச் சீட்டின் பொத்தானை அழுத்தினாள். சீட் சாவகாசமாக முன்னால் போயிற்று, குக்கர் பெட்டியில் பட்டது, ஏதோ தப்பு செய்துவிட்டதைப் போல மரியாதையாகப் பின்னால் திரும்பி வந்தது. மறுபடி அழுத்தினாள். மறுபடி போயிற்று, மறுபடி வந்தது. தூரத்தில், வளைவுக்கு அப்பால், ரயில் ஊதியது.

ரயில் பாதை செப்பனிடும் ஒருவர் "பஹின்ன, பஹின்ன" என்று, இறங்கச் சொல்லிச் சிங்களத்தில் கத்திக்கொண்டே சிவப்புக் கொடியோடு வளைவை நோக்கி ஓடினார். ஜெயந்தினி பெட்டியைப் பிடுங்கித் தேயிலைக்குள் வீசினாள். வேட்டியை மடித்துக்கட்டி, மண்டியிட்டுக் காருக்கு அடியில் பார்த்துக்கொண்டிருந்தார் ஜீவராஜ்.

"என்னங்க, மதினி உள்ள இருக்காங்க."

அவர் தலையைத் தூக்கவில்லை. "அந்த வெயிட்டுதான். பின்னால அவ்வளவு வெயிட்டு ஏறாட்டி தட்டியிருக்கவே தட்டியிருக்காது."

இதுவரை அந்த மனிதருக்கு 'அவர்' போட்டு எழுதிவந்தேன். இனி முடியாது.

காளியாயி வெளியே வருவதற்காக ஒரு கையை நீட்டியிருந்தார். அந்தக் கை அப்படியே நின்றது. பிறகு மெல்ல உள்ளே போகப் பார்த்தது. ரயில் சத்தத்தைவிட அதுதான் தன்னைப் பயமுறுத்தியது என்றாள் ஜெயந்தினி. அவள் அந்தக் கையை எட்டிப் பிடித்துக்கொண்டாள். கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் இரண்டு பேர் கூடையைப் போட்டுவிட்டு ஓடிவந்து கக்கத்தில் கை கொடுத்தார்கள். சேலைக் கொசுவம் கிழிந்தது. காளியாயி வெளியே வந்தார்.

மூச்சு வாங்கி, ஒரு பெண்ணின் தோளைப் பிடித்து நிமிர்ந்து, தம்பியைப் பார்த்தார்.

"நான் எறங்கிட்டேன் தம்பி. இப்ப எடு."

அவன் ஏறி உட்கார்ந்தான். உண்மையாகவே உட்கார்ந்தான். இந்த இடத்தில் என் கற்பனை எதுவும் இல்லை. என்ஜின் உறுமியது, சக்கரம் சுழன்றது, கல் பறந்தது. கார் ஒரு விரற்கடை நகரவில்லை. கொழுந்துப் பெண்களில் ஒருத்தி சிரித்தாள். யாரோ கைபேசியை எடுத்தார்கள்.

நான் பார்த்த காணொளி இங்கேதான் தொடங்குகிறது.

5

ரயில் வளைவுக்கு அப்பாலேயே நின்றுவிட்டது. பயணிகள் இறங்கி வந்து படம் எடுத்தார்கள். தோட்டத்து ஆட்கள் காரைத் தூக்கி ஓரத்தில் வைத்தார்கள். ஜீவராஜ் பணம் கொடுத்தான். வாங்க மறுத்துத் தலைநிமிர்ந்து மலையேறினார்கள் என்று எழுத எனக்கும் ஆசைதான். வாங்கிக்கொண்டார்கள். அந்தக் காரைத் தூக்கியவர்களுக்கு அது குறைந்த கூலி.

காளியாயி ஒரு த்ரீவீலரில் கிருஷாந்தியோடு புதுவீட்டுக்குப் போனார். கிழிந்த கொசுவத்தைச் செருகிக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்தார், பாயசம் இரண்டாம் தடவை கேட்டு வாங்கினார், யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. [அவர் ஒரு கவளமும் உண்ணாமல்—] இல்லை. நன்றாகச் சாப்பிட்டார். மாலையில் பஸ்ஸிலேயே டயகமவுக்குப் போய்விட்டார்.

அதன் பிறகு தம்பி எடுத்த அழைப்பு எதற்கும் அவர் பதில் சொல்லவில்லை. பெட்டியின் மூலை நசுங்கினாலும் குக்கர் நன்றாக வேலை செய்கிறதாம். காருக்கடியில் விழுந்த கீறலுக்குக் கொழும்பிலிருந்து ஆள் வர வேண்டியதாயிற்று. அந்தக் கீறலைப் பற்றியே வாரக்கணக்கில் பேசினான் ஜீவராஜ். ஜெயந்தினி கேட்டுக்கொண்டிருந்தாள். ஒருநாள் காய் நறுக்கியபடியே, அன்று அவன் சொன்னதை அவனுடைய குரலிலேயே திருப்பிச் சொன்னாள். வெயிட்டு என்ற சொல்லை அவன் இழுத்த மாதிரியே இழுத்து. தான் அப்படிச் சொல்லவில்லை என்றான் அவன். கிருஷாந்தி அறைக்குள்ளிருந்து வந்து, "சொன்னீங்கப்பா" என்றாள்.

அன்று அவன் சாப்பிடாமல் போய்க் காருக்குள் உட்கார்ந்திருந்தான்.

6

முடிவுகள் சில கைவசம் இருக்கின்றன. காரை விற்று வேன் வாங்குகிறான், குடும்பம் சிரித்தபடி பயணம் போகிறது: இதை ஏதாவது காப்புறுதிக் கம்பனிக்கு விற்கலாம். அக்கா தம்பியைக் கட்டிப்பிடித்து அழுகிறார்: இது தொலைக்காட்சியில் தினமும் நடக்கிறது. மலைச்சரிவில் கார் உருண்டு நொறுங்குகிறது: என் மனதுக்குப் பிடித்தது இதுதான், ஆனால் லீசிங் அப்போதும் ஓடும், கட்டப்போவது டீச்சர்.

நடந்ததை நடந்தவரைக்கும் சொல்கிறேன். போன ஞாயிறு ஜீவராஜ் தானாகவே, டயகமவுக்குப் போவோம் என்றான். காரில்தான். அக்கரபத்தனை தாண்டி, தார் முடிகிற இடத்தில் நிறுத்தினான். அதற்கு மேல் கல்ரோடு. லயத்தின் தகரக் கூரை மேலே தெரிகிறது. கொடியில் உலர்கிற துணிகூடத் தெரிகிறது. அவன் ஸ்டியரிங்கை விடவில்லை.

"யாரையாச்சும் அனுப்பி, அக்காவை இங்க எறங்கி வரச் சொல்லுவமா?" என்றான்.

 ஜெயந்தினி கதவைத் திறந்து, சேலையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். நடக்கத் தொடங்கினாள். மழையில் அரித்த பாதை. கால் வைக்கும் கல்லைப் பார்த்துப் பார்த்து வைக்க வேண்டியிருந்தது. ஒரு தடவையும் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினால் கூப்பிடுகிற மாதிரி ஆகிவிடும், அது வேண்டாம் என்று நினைத்தாளாம். ஆனால் காதைத் தீட்டி வைத்திருந்தாள். பின்னால் இரண்டில் ஒரு சத்தம் வர வேண்டும்: கதவு திறக்கிற சத்தம், இல்லாவிட்டால் என்ஜின்.

முதல் லயத்தின் வாசலை அவள் எட்டுவதற்கு முன்னால் அது வந்தது.

எந்தச் சத்தம் என்று என்னிடம் சொன்னாள். உங்களிடம் நான் சொல்வதாக இல்லை. அவனைக் காரிலிருந்து இறக்குவதோ திருப்பி அனுப்புவதோ இனி உங்கள் பாடு.